என் சுகர் சாதாரண சுகர் இல்லை

நம் ஊரில் சுகர் வந்தவனுக்கு மருந்துச் சீட்டுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிடும். "ஸ்வீட் நிறையச் சாப்பிடுவீங்களோ?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியிலதான் போவாரு" என்பார் மாமியார். அலுவலகத்தில், "சும்மாவே டென்ஷன் பார்ட்டி" என்று பேசிக்கொள்வார்கள். காய்ச்சல் வந்தவனையோ மூலம் வந்தவனையோ யாரும் இப்படி நிற்க வைத்துக் கேட்பதில்லை.

எனக்கு அது வந்தபோது வயது 41. எடை 60 கிலோ. பள்ளிக்கூடத்தில் 'குச்சி' என்று பெயர் எடுத்தவன். ஒல்லியாக இருப்பதையே ஒரு யோக்கியதாம்சமாக வைத்திருந்தேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஜாங்கிரியைத் தள்ளி வைத்தால் அதையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நமக்கெல்லாம் ஒட்டாது சார்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் 286 என்று வந்தால் எப்படி இருக்கும்? நோய் வந்த வருத்தத்தைவிட, பொய் வழக்குப் போட்டுவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் அதிகம் இருந்தது. அதற்குப் பிறகு நான் செய்த அத்தனை கோமாளித்தனத்துக்கும் இதுதான் வேர். எனக்குச் சிகிச்சையைவிட விடுதலைத் தீர்ப்பு முக்கியமாகப் பட்டது.

டாக்டர் மேடம் 'டைப் 2' என்று எழுதி, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். நாற்பது வயதுக்காரர் ஒருவர் சுகரோடு வந்து உட்கார்ந்தால் அது டைப் 2 என்று நினைப்பதுதான் நியாயம், பெரும்பாலும் அதுதான் சரி. நான் அந்தப் பெரும்பாலானவர்களில் ஒருவன்தானா என்பதில்தான் சிக்கல். அதைக் கண்டுபிடிக்கவிடாமல் குறுக்கே நின்றவன் நான்.

மாத்திரை கொஞ்ச காலம் நன்றாகவே கேட்டது. பிறகு கேட்கவில்லை. காலை சுகர் மெல்ல மெல்ல ஏறியது. வீட்டு மெஷினில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் மேடம். நான் திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதிப் பிழைப்பவன். பிறர் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராது. ஆனால் என் சுகர் நோட்டில் 190-ஐப் பார்த்தால் கை தானாக 120 என்று எழுதியது. முந்தின இரவு பூரி சாப்பிட்டதால்தானே 190, அது உண்மையான நான் இல்லையே என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். போகப் போக, மெஷினில் குத்திப் பார்ப்பதையே விட்டுவிட்டு நேராக நோட்டுக்கு வந்துவிட்டேன்.

மேடம் நோட்டைப் புரட்டினார். 112, 118, 109, 121. இரண்டு பக்கம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார், ஒரு மாசத்தையும் ஒரே உட்கார்ல எழுதினீங்களா? ஒரே பேனா, ஒரே சாய்வு" என்றார். அடுத்து ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டை அதன்மேல் வைத்தார். 9.4. அப்படியென்றால் மூன்று மாத சராசரி 220-க்கு மேல். ஆடிட் அப்ஜெக்‌ஷன் வாங்கிய முதல் சுகர் நோட்டு என்னுடையதாகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் உடம்பு நாலு கிலோ இறங்கியிருந்தது. மருத்துவம் தெரிந்தவர்கள் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். மாத்திரைக்கு அடங்காத சுகரும் தானாகக் குறையும் எடையும் சேர்ந்து வந்தால், கணையத்தில் இன்சுலின் வற்றுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களோ, "செமையா குறைச்சிருக்கீங்களே, என்ன டயட்?" என்று கேட்டார்கள். வரகு, தினை, வெந்தயத் தண்ணீர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்று காலையில் சாப்பிட்டது நெய் ஒழுகும் பொங்கல். ஆபீஸில் ஒருவருக்கு ஒரு வார டயட் சார்ட்டே எழுதிக் கொடுத்தேன். பாவம், அவர் அதை இன்னும் கடைப்பிடிக்கிறார்.

திருட்டு நோட்டு பிடிபட்ட ராத்திரி தூக்கம் வராமல் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் 'லாடா' கிடைத்தது. பெரியவர்களுக்கு மெதுவாக வருகிற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் கணையத்தைத் தின்கிற சர்க்கரை நோய். குழந்தைகளுக்கு வரும் டைப் 1-க்கு உறவு. ஆனால் அது வாரக்கணக்கில் செய்வதை இது வருஷக்கணக்கில் செய்யும். ஆரம்பத்தில் டைப் 2 மாதிரியே மாத்திரைக்குக் கட்டுப்படும். பிறகு கைவிடும். படிக்கப் படிக்க எனக்குக் கண் கலங்கியது. ஜாங்கிரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! குற்றவாளி நானில்லை, என் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி!

வரலாறும் கிடைத்தது. 1974-இல் லண்டனில் போட்டாஸோவும் டோனியாக்கும் கணையத் திட்டுகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளை முதலில் கண்டுபிடித்தார்கள். 1986-இல் அவர்களோடு குரூப் என்ற பின்லாந்து மருத்துவர் சேர்ந்து, 35 வயதுக்கு மேல் நோய் தெரியவந்தவர்களிடமும் அதே ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார். டைப் 2 என்று நம்பப்பட்டவர்கள் அவர்கள். 1990-இல் அந்த ஆன்டிபாடிகளில் முக்கியமான ஒன்று ஜிஏடி என்கிற நொதியைக் குறிவைக்கிறது என்று தெரிந்தது. 1993-இல் தூமியும் சிம்மெட்டும் மற்றவர்களும் இந்த நோயை 'பெரியவர்களின் மறைந்திருக்கும் வகை' என்று அழைத்தார்கள். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், புதிதாக டைப் 2 என்று சேர்க்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்த ஜிஏடி ஆன்டிபாடி இருந்தது. பத்தில் ஒருவர்! அந்த ஒருவன் நான்தான் என்பதில் எனக்கு அப்போதே சந்தேகமில்லை.

ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2006-இல் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். நோய் வந்தபோது வயது 50-க்குக் கீழா? திடீர் தாகம், எடைக் குறைவு போன்ற அறிகுறிகள் இருந்தனவா? பிஎம்ஐ 25-க்குக் கீழா? உங்களுக்கு வேறு தன்னெதிர்ப்பு நோய் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது உண்டா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் சோதித்துப் பார்க்கலாம். எனக்கு மூன்று கிடைத்துவிட்டது. ஆசை விடுமா? நாலாவதற்காகக் காலை ஏழு மணிக்கு லால்குடி அத்தைக்குப் போன் போட்டேன். அவர் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்.

"அத்தை, உங்களுக்குத் தைராய்டு எதனால வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரா?"

"எதனால வரும்? எல்லாம் உங்க மாமாவாலதான்டா."

தன்னெதிர்ப்பா, மாமா எதிர்ப்பா என்று முடிவு செய்ய முடியாமல் அந்தக் கட்டத்தில் பென்சிலால் அரை டிக் போட்டேன்.

பட்டியலோடு மேடம் முன்னால் போய் உட்கார்ந்து பாடம் எடுத்தேன். ஜிஏடி என்றேன், லாடா என்றேன், போட்டாஸோ என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்தார். "எந்திரிங்க, சட்டையைத் தூக்குங்க." நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். "மூச்சு விடுங்க சார்." விட்டேன். தொப்புளருகே டேப் 94 சென்டிமீட்டர் காட்டியது. நம் ஊர் ஆண்களுக்கு 90 தாண்டினாலே எச்சரிக்கை. கையும் காலும் குச்சி, நடுவில் மட்டும் ஒரு குடும்பஸ்தன். சட்டையை எப்போதும் வெளியே விட்டே போட்டதால் எனக்கே அது தெரியாமல் இருந்தது.

அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தில் நம் ஊருக்கான முடிச்சு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒல்லியான ஆளுக்குச் சுகர் வந்தால் அது துப்பு. இங்கே அது துப்பே இல்லை. தெற்காசியர்களுக்கு டைப் 2 சின்ன வயதிலேயே வரும், குறைந்த எடையிலேயே வரும். அதனால்தான் நமக்குப் பிஎம்ஐ 23-லேயே அதிக எடை என்று கோடு போடுகிறார்கள். அந்த ஐந்து கேள்விப் பட்டியலைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று சுகர்காரர்களிடம் நீட்டினால் பாதிப் பேர் இரண்டு டிக் வாங்கிவிடுவார்கள். போதாக்குறைக்கு ஒல்லியான சுகருக்கு இங்கே வேறு காரணங்களும் உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கணையத்தில் கல் சேர்ந்து வருகிற சர்க்கரை நோய் பல காலமாகத் தெரிந்த சங்கதி. வயிறு காய்ந்து வளர்ந்தவர்களுக்கு வரும் வகையைச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் டைப் 5 என்று ஏற்றுக்கொண்டது. பரம்பரையாக ஒற்றை மரபணுக் கோளாறால் வருவதும் உண்டு. மேடம் முதலில் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கல் இல்லை.

"அப்ப ஜிஏடி எழுதுங்க மேடம்" என்றேன்.

"எழுதறேன். ஆனா ஒரு கணக்குச் சொல்லுங்க. ஆயிரம் பேர்ல இருபது பேருக்குத்தான் நிஜமா லாடான்னு வச்சுக்குங்க. டெஸ்ட் அந்த இருபதையும் பிடிச்சிடுது. மிச்சம் 980 பேர்ல நூத்துக்கு ரெண்டு பேருக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டுது. மொத்தம் எத்தனை பாசிட்டிவ்?"

"நாப்பது."

"அதுல எத்தனை நிஜம்?"

கணக்கப்பிள்ளைக்கு வாய் அடைத்தது. பாதி. அதனால்தான் எல்லாச் சுகர்காரருக்கும் இந்தச் சோதனையை எழுதுவதில்லை. சந்தேகத்துக்கு இடமிருக்கும்போது மட்டுமே எழுதுகிறார்கள். ஜிஏடியோடு சி-பெப்டைடும் எழுதினார். அது என்னவென்றால், கணையம் இன்சுலினைச் செய்யும்போது ஒவ்வொரு இன்சுலினுக்கும் ஒரு சி-பெப்டைட் துண்டு கழன்று விழுகிறது. இன்சுலின் சில நிமிஷங்களில் காணாமல் போகும், சி-பெப்டைட் இன்னும் கொஞ்ச நேரம் ரத்தத்தில் கிடக்கும். பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எச்சில் இலையை எண்ணிச் சொல்வது போலத்தான். ஊசியில் போடும் இன்சுலினில் இந்தத் துண்டு கிடையாது. ஆகவே இதை அளந்தால் சொந்தக் கணையத்தின் சரக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

தெரிந்துவிடும், நோயாளி ஒழுங்காக இருந்தால். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். நானும் வெறும் வயிற்றில்தான் போனேன், ஒரு ஃபில்டர் காபியோடு. சர்க்கரை போடாத காபி கணக்கில் வராது என்பது என் சொந்த மருத்துவம். ரத்தம் எடுத்த பையன், "ஒண்ணும் சாப்பிடலையே சார்?" என்று கேட்டபோது, "ச்சே ச்சே" என்றேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "ஏங்க, காபி டம்ளர் காலியா இருந்துச்சே, நீங்கதானே குடிச்சீங்க?"

சி-பெப்டைட் 1.4 என்று வந்தது. நான் உடனே செல்போனைத் திறந்தேன். லாடா பற்றி 2020-இல் சர்வதேச நிபுணர்கள் கூடி ஒரு வழிமுறை வகுத்திருக்கிறார்கள். 0.3-க்குக் கீழே போனால் டைப் 1 மாதிரி இன்சுலின் சிகிச்சை. 0.7-க்கு மேலே இருந்தால் கிட்டத்தட்ட டைப் 2 மாதிரி. நடுவில் இருந்தால் இரண்டும்கெட்டான், திரும்பத் திரும்ப அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். என்னுடையது 1.4! 0.7-ஐப் போல் இரண்டு மடங்கு! வழக்குத் தோற்றுவிட்டது, ஜாங்கிரிதான் காரணம், எல்லாம் முடிந்தது என்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, யூனிட்டைப் பாருப்பா. அதுல நானோமோல், இதுல நானோகிராம். மூணால வகுக்கணும்" என்றாள். வகுத்தால் 0.46. பதினைந்து வருஷமாக யூனிட் பார்க்காமல் பில் போட்ட ஜூனியர்களைத் திட்டிக்கொண்டிருப்பவன் நான்.

0.46 என்றால் சரியாக நடுவில். அந்த எண்ணையாவது நம்பலாமா? மேடம் தலையை ஆட்டினார். சுகர் மாதக்கணக்கில் 220-இல் நின்றால் கணையம் தற்காலிகமாக ஓய்ந்துபோகும், அதனால் சி-பெப்டைட் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அது என் திருட்டு நோட்டின் கைங்கரியம். பால் விட்ட காபியோ அதைக் கூட்டிக் காட்டும். ஒன்று கீழே இழுக்க, இன்னொன்று மேலே தள்ள, நடுவில் கிடைத்த 0.46-இல் என் கணையத்தின் பங்கு எவ்வளவு, என் புத்தியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த லேபாலும் முடியாது.

ஜிஏடி ரிப்போர்ட் வெளியூர் லேபிலிருந்து தாமதமாக வந்தது. 10-க்குக் கீழே இருந்தால் நெகட்டிவ். எனக்கு 19. பாசிட்டிவ், ஆனால் மெலிந்த பாசிட்டிவ். அளவு நூற்றுக்கணக்கில் எகிறினால் இன்சுலின் சீக்கிரம் வற்றும் என்று எதிர்பார்க்கலாம். இப்படிக் கோட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கிற அளவு நிஜமாகவும் இருக்கலாம், அந்தப் பொய்யான இருபதில் ஒன்றாகவும் இருக்கலாம். நிஜமாகவே இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வற்றுவதில்லை. அதே பிரிட்டிஷ் ஆய்வில், 55 வயதுக்கு மேல் நோய் தெரியவந்த ஜிஏடி பாசிட்டிவ்காரர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் ஆறு வருஷத்துக்குள் இன்சுலின் தேவைப்பட்டது.

இவ்வளவு 'இருக்கலாம்' எனக்கு எதற்கு? 'பாசிட்டிவ்' என்ற ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு மறுநாளே ஒரு வளைகாப்புக்குப் போனேன். அங்கே சித்தப்பா இருந்தார். இருபது வருஷச் சுகர். பாயசத்தை வேண்டாமென்று கை காட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க சுகர் வேற, என் சுகர் வேற சித்தப்பா" என்று ஆரம்பித்தேன். என்னுடையது சாப்பாட்டால் வந்ததில்லை, எதிர்ப்புச் சக்தியின் கோளாறு, பின்லாந்து வரைக்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்றேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அப்படின்னா நான் தின்னு கெட்டவன், நீ திங்காமலே கெட்டவன். அப்படித்தானேடா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்வதற்கு நியாயமும் இல்லை. டைப் 2-க்குப் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது. குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். லாடாக்காரர்களின் மரபணுவைப் பார்த்தால் டைப் 1-க்குரியதும் இருக்கிறது, டைப் 2-க்குரியதும் இருக்கிறது. சித்தப்பா என் அளவுக்கு ஜாங்கிரி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுவதும் சைக்கிளில் போனவர். ஊர் போட்ட குற்றப்பத்திரிகையை எதிர்க்கக் கிளம்பியவன், அதிலிருந்த என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

மேடம் பெயர் வைக்கவே இல்லை. ஃபைலில் 'டைப் 2' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். பெரிய இடங்களிலேயே இது தீரவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதைக் 'கலப்பு வகை' என்று தனியே வைத்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமோ டைப் 1-க்குள்ளேயே அடக்குகிறது. "பேர் அப்புறம் வரட்டும். உள்ள மிச்சம் இருக்கறத முதல்ல காப்பாத்துவோம்" என்றார் மேடம். கணையத்தை விரட்டி வேலை வாங்கும் கிளிமிபிரைடை நிறுத்தினார். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புது மாத்திரையைப் பற்றி நானே ஆர்வமாகக் கேட்டேன். இன்சுலின் வற்றுகிறவர்களுக்கு அது ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தை ஏற்றிவிடக்கூடும், இப்போது வேண்டாம் என்றார். ராத்திரிக்குக் கொஞ்சம் இன்சுலின். சுகர் இறங்கி நிலைத்த பிறகு, காபி இல்லாமல், மறுபடி சி-பெப்டைட். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ஊசிக்குப் பயந்தவன் நான் என்பதால் முதல் ராத்திரி குடும்பமே சுற்றி நின்றது. இன்சுலின் பேனாவை வயிற்றில் வைத்து அழுத்தினேன். வலிக்கவே இல்லை. "இதுக்கா ஊரே பயப்படுது?" என்று மகளைப் பார்த்துச் சிரித்தேன். மூன்று நாளும் வலிக்கவில்லை, சுகரும் இறங்கவில்லை. இன்சுலினுக்கே அடங்காததால் இது லாடாவே இல்லை என்று புதிய முடிவுக்கு வந்து, அதை விளக்கப் பேனாவோடு மேடத்திடம் போனேன். போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஊசிக்குமேல் இரண்டு மூடி உண்டு. வெளி மூடியை எடுத்துவிட்டு, உள் மூடியோடு குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மேடம் சிரிப்பை அடக்கக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

உள் மூடியையும் எடுத்த பிறகு வலிக்கிறது, சுகரும் இறங்குகிறது. இதனாலும் எதுவும் நிரூபணமாகவில்லை. டைப் 2-ஆக இருந்தாலும் இன்சுலின் போட்டால் சுகர் இறங்கத்தான் செய்யும். ஆபீஸ் இன்சூரன்ஸ் படிவத்தில் டைப் 1, டைப் 2 என்று இரண்டே கட்டங்கள். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு டிக் போட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் விளக்கம் எழுதினேன். படிவம் திரும்பி வந்துவிட்டது.

உருப்படியாகச் சொல்ல ஒன்று உண்டு. நடுத்தர வயதில் சுகர் வந்து, மாத்திரை சீக்கிரமே கைவிட்டு, எடையும் இறங்கி, உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ தைராய்டு மாதிரித் தன்னெதிர்ப்பு நோயும் இருந்தால், ஜிஏடியும் சி-பெப்டைடும் தேவையா என்று டாக்டரிடம் ஒருமுறை கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோட்டில் மெஷின் காட்டியதையே எழுதுங்கள். யூனிட்டைப் பாருங்கள். காபியை ரத்தம் கொடுத்த பிறகு குடியுங்கள். பாசிட்டிவ் என்று வந்தால், வளைகாப்பு வீட்டில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.